சாம்பார் வாளிக்காரரின் காது

“எது நல்ல லென்ஸ், டீச்சர்? இன்னைக்குச் சொல்லியே ஆகணும்.”

சங்கரபாண்டி மூன்று லென்ஸ்களை மேசைமேல் வரிசையாக வைத்தார். அவருக்கு வயது ஐம்பத்தாறு. டீச்சர் பிலோமினாவுக்கு நாற்பது. மில்லை மூடியபோது சங்கரபாண்டி வேலை போய், பிலோமினாவிடம் வந்து கேமரா பிடிக்கக் கற்றுக்கொண்டவர். பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இப்போது கோவில்பட்டியில் பெரிய கல்யாணம் என்றால் சங்கரபாண்டிதான்.

பிலோமினா இன்னும் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அதே ஸ்டூடியோவில் இருக்கிறார். பாஸ்போர்ட் சைஸ் மட்டும். கேமராவில் லென்ஸ் திறப்பு எஃப் எட்டு. முன்னால் இருப்பதும் தெரியும், பின்னால் இருப்பதும் தெரியும். அதை மாற்றியதே இல்லை.

சொல்லிக்கொடுத்ததும் ஒரே பாடம்தான். “ரெண்டு காதும் தெரியணும்.”

“மூணும் எண்பத்தஞ்சு எம்எம், டீச்சர். மூணுலயும் ஜூம் கிடையாது. கிட்டப் போகணும்னா நாமதான் நடக்கணும். இது ஒன் பாயிண்ட் எய்ட். இது ஒன் பாயிண்ட் ஃபோர். இது ஒன் பாயிண்ட் டூ.”

“சரி.”

“நம்பர் குறையக் குறைய லென்ஸோட வாய் பெருசு. இருட்டு மண்டபத்துலகூட வெளிச்சத்தை அள்ளிக் குடிக்கும். பின்னாடி இருக்கிறதைக் கரைச்சிரும்.”

அவர் படங்களைக் காட்டினார். மூன்று கல்யாணங்களில் எடுத்த, ஒரே மாதிரி மூன்று படங்கள். பந்தியில் மாப்பிள்ளை பெண்ணுக்கு ஜாங்கிரி ஊட்டுகிறார்.

“பாருங்க. ஒன் பாயிண்ட் எய்ட்ல லேசாக் கலங்குது. ஃபோர்ல நல்லாக் கலங்குது. டூவுல பாருங்க, பனி இறங்கின மாதிரி. பின்னாடி ஒண்ணுமே இல்ல.”

பிலோமினா மூன்றாவது படத்தைக் கையில் எடுத்தார். பெண்ணின் தோளுக்குப் பின்னால் பழுப்பாக ஒரு கறை.

“பின்னாடி நிக்கிறது யாரு?”

“அது பேக்ரவுண்டு, டீச்சர்.”

“பேரு?”

“பேக்ரவுண்டுக்கு ஏது பேரு?”

பிலோமினா லென்ஸ்களுக்கு ஒவ்வொன்றாக மூடி போட்டார். அவர் பக்கம் தள்ளினார்.

“பேரு தெரிஞ்சதும் வாங்க, அண்ணாச்சி. எது நல்லதுன்னு சொல்றேன்.”

“இது ஒரு பதிலா? நூத்தி அறுபது படம் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்துட்டு வந்திருக்கேன்.”

“ஹால் டிக்கெட்டுக்குப் போட்டோ எடுக்க நாலு பிள்ளைக நிக்குது. நகருங்க.”

சங்கரபாண்டி வெளியே வந்தார்.

“எஃப் எட்டுலயே கிடக்கிறவங்களுக்கு ஒன் பாயிண்ட் டூவைப் பத்தி என்ன தெரியும்?” என்றார். கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னார்.

கேட்டது. உள்ளே ஃபிளாஷ் மின்னியது.

*

மூன்றாம் நாள் சங்கரபாண்டி கடைக்கு ஒரு பெண் வந்தாள். பேர் வேலுத்தாய்.

“நான் அய்யாத்துரை சம்சாரம்.”

“எந்த அய்யாத்துரை?”

“சாம்பார் அய்யாத்துரை. மண்டபத்துல பந்தி பரிமாறுறவரு.”

சங்கரபாண்டி யோசித்தார்.

“‘போட்டோக்கார அண்ணாச்சிக்கு முதல்ல இலை போடு, பாவம் காலையில இருந்து நிக்காரு’ன்னு சத்தம் போடுவாரே. அவரு.”

குரல் ஞாபகம் வந்தது. எவர்சில்வர் வாளி ஞாபகம் வந்தது. முகம் வரவில்லை.

“போன வியாழக்கிழமை செத்துப்போயிட்டாரு. பதினாறாம் நாளுக்கு மாலை போட ஒரு படம் வேணும்.”

“ஆதார் கார்டுல இருக்குமே, தாயி. பெருசு பண்ணித் தாரேன்.”

“அதுல இருக்கிறது அவரா? போலீஸ்ல புடிச்சு நிறுத்தின மாதிரி இருக்கு. அதைப் பார்த்து நான் அழுவேனா, பயப்படுவேனா?”

“போன்ல?”

“பட்டன் போன்.”

“கல்யாணப் போட்டோ?”

“நாங்க ஓடிப்போய்க் கட்டிக்கிட்டவங்க. பின்னாடி அருவாளோட ஆள் வந்துச்சு. போட்டோக்காரன் வரல.”

சங்கரபாண்டி சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை.

“பதினோரு வருஷமா நீங்க எடுத்த எல்லாக் கல்யாணத்துலயும் அவரு இருந்தாரு. மாப்பிள்ளை பொண்ணு சாப்பிடுற இலைக்கு அவருதான் பரிமாறுவாரு. வேற ஆளை விடமாட்டாரு. எடுங்க.”

சங்கரபாண்டி கம்ப்யூட்டரைத் திறந்தார்.

போன மாதக் கல்யாணம். ஜாங்கிரி ஊட்டுகிறார்கள். பின்னால் பழுப்புக் கறை.

“இது யாரு?” என்றாள்.

“உங்க வீட்டுக்காரர்.”

“இதுவா? பூசணிக்காய் மாதிரி இருக்கு.”

அதற்கு முந்தைய கல்யாணம். கறை. அதற்கு முந்தையது. கறை. ஒன்றில் ஆரஞ்சு, ஒன்றில் நீலம்.

“இது ஒன் பாயிண்ட் டூ, தாயி. கொஞ்சம் பழசுக்குப் போவோம்.”

நாலு வருஷத்துக்கு முன்னால். ஒன் பாயிண்ட் ஃபோர். கறைக்குத் தலை முளைத்தது. தலைக்குக் கீழே கறுப்பாக ஒரு கோடு.

“மீசை,” என்றாள் வேலுத்தாய். நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டாள். “இன்னும் பின்னாடி போங்க.”

ஏழு வருஷத்துக்கு முன்னால். ஒன் பாயிண்ட் எய்ட். சட்டை வந்தது.

“பச்சைக் கட்டம். நான் எடுத்துக் கொடுத்தது. தீபாவளிக்கு.”

அவள் திரைக்கு மூக்கு முட்டுகிற அளவுக்குக் குனிந்தாள். கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு நிழல் இருந்தது. கண் இல்லை.

“இன்னும் பின்னாடி.”

“இல்ல.”

“அதுக்கு முன்னாடியும் அவரு பரிமாறினாரே.”

“அப்போ என்கிட்ட நல்ல லென்ஸ் இல்ல. கேமராவோட வந்த லென்ஸ்தான். அந்தப் படத்தை எல்லாம் அழிச்சிட்டேன்.”

“ஏன்?”

“எல்லாமே தெளிவா இருந்துச்சு.”

சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது.

“ஆல்பம் போட்டுக் கொடுத்திருப்பீங்கள்ல? அந்த வீடுகள்ல?”

“ஆல்பத்துல வாளிக்காரரை யாரு விடுவா? வெட்டிருவோம்.”

வேலுத்தாய் எழுந்தாள்.

“பதினோரு வருஷம் உங்களுக்கு முதல் இலை போட்டாரு. ஒரு முகம் இல்ல உங்ககிட்ட.”

*

சங்கரபாண்டிக்குத் தூக்கம் போனது. கம்ப்யூட்டரில் புதிதாக ஒன்று வந்திருக்கிறது. கலங்கின முகத்தைக் கொடுத்தால் தெளிவாக்கித் தரும். பச்சைச் சட்டைப் படத்தைக் கொடுத்தார். கண் வந்தது. மூக்கு வந்தது. பல்கூட வந்தது.

அச்சுப் போட்டு வேலுத்தாய் வீட்டுக்கே கொண்டுபோனார்.

அவள் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்காரு. யாரு இவரு?”

“தாயி…”

“இவருக்கு நான் மாலை போட்டா அவரு என்ன நினைப்பாரு? எடுத்துட்டுப் போங்க. அந்தப் பூசணிக்காயைக் கொண்டாங்க.”

“எதை?”

“கடைசியா எடுத்தது. போன மாசம். அவரு உசிரோட நின்னாருல்ல அங்க? அது அவருதானே?”

“அவர்தான். ஆனா அதுல ஒண்ணும் தெரியாது, தாயி. ஊரு சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். எதுக்குச் சிரிக்காங்கன்னு நான் கேட்டுக்கிறேன். மத்தவங்களை வெட்டிட்டு அவரை மட்டும் கொடுங்க. மூலையில உங்க பேரு போடுவீங்கள்ல? அதை மட்டும் எடுத்திராதீங்க.”

கொடுத்தார். வேறு வழி தெரியவில்லை.

பதினாறாம் நாள் மண்டபத்து வாசலுக்கு நேர் எதிரே பிளெக்ஸ் நின்றது. ஆள் உயரம். கண்ணீர் அஞ்சலி. கீழே அய்யாத்துரை என்று பேர், பிறந்த தேதி, மறைந்த தேதி. நடுவில் பழுப்புக் கறை. கறைக்கு மாலை. படத்தின் மூலையில் கொட்டை எழுத்தில்: சங்கரபாண்டி போட்டோகிராபி.

மண்டபத்து ஆள் வந்து அதைக் கழற்றச் சொன்னான். வேலுத்தாய் அதற்குக் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். கரண்டி பிடித்தவர்கள், இலை எடுத்தவர்கள், பாத்திரம் கழுவினவர்கள் ஒவ்வொருவராக வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவன் போய்விட்டான்.

*

சங்கரபாண்டி பிலோமினாவிடம் ஓடினார்.

“வாங்க டீச்சர், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. படம் இருக்கட்டும். என் பேரையாவது எடுக்கச் சொல்லுங்க. தெருவே நின்னு பார்க்குது.”

பிலோமினா ஸ்டூடியோவைப் பூட்டினார். பகலில் அவர் கடை பூட்டி யாரும் பார்த்ததில்லை. நடந்தே போனார். பிளெக்ஸுக்கு முன்னால் செருப்பைக் கழற்றினார். கும்பிட்டார். வேலுத்தாயின் கையைப் பிடித்தார்.

பிறகு திரும்பினார்.

“எந்த லென்ஸ், அண்ணாச்சி?”

“ஒன் பாயிண்ட் டூ.”

“இதுல ஃபோகஸ் எங்க இருக்கு?”

சங்கரபாண்டி படத்தைப் பார்த்தார். மேலிருந்து கீழே பார்த்தார்.

படத்துக்குள் தெளிவாக இருந்தது ஒன்றுதான். மூலையில் இருந்த பேர்.

“பின்னாடி நிக்கிறவரு பேரு தெரிஞ்சிருச்சா?” என்றார் பிலோமினா.

“தெரிஞ்சிருச்சு, டீச்சர்.”

“இப்போ கேளுங்க. எது நல்ல லென்ஸ்?”

அவர் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வேலுத்தாய்க்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

*

அடுத்த முகூர்த்தம். அதே மண்டபம். பெண்ணுக்கு அப்பா காண்ட்ராக்டர். வெள்ளை வேட்டி, கையில் இரண்டு போன்.

“போட்டோக்காரரே, பின்னாடி எல்லாம் மங்கலா வந்திரும்ல? இந்த வாளி, கரண்டி எதுவும் விழக் கூடாது.”

சங்கரபாண்டி கேமராவை எடுத்தார். எஃப் எட்டுக்குத் திருப்பினார். ஃபிளாஷை மாட்டினார்.

மாப்பிள்ளை ஜாங்கிரியை எடுத்தார். பின்னால் வாளியோடு நின்றவர் கேமராவைப் பார்த்ததும் பழக்கத்தில் குனிந்து ஒதுங்கினார். நாற்பது வயது இருக்கும்.

“ஒதுங்காதீங்க. உங்க பேரு என்ன?”

“எனக்கா? முனியராஜ், அண்ணாச்சி.”

“நிமிர்ந்து நில்லுங்க, முனியராஜ்.”

காண்ட்ராக்டர் குறுக்கே வந்தார். “யோவ், நான் என்ன சொன்னேன்? அவனை எதுக்கு நிறுத்துற? இது யார் வீட்டுக் கல்யாணம்?”

சங்கரபாண்டி கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“சார், தள்ளி நில்லுங்க. முனியராஜுக்கு ஒரு காது மறையுது.”