ஏழாவது கரண்டி

டங், டங், டங். கரண்டி வாளியில் மோதும் சத்தம் கேட்டதுமே பந்தியில் இருந்தவர்கள் எல்லாரும் இலைமேல் குனிந்துகொண்டார்கள். ஆயுத பூஜையன்று நூல் மில் முதலாளி அருணகிரி தன் கையாலேயே பாயசம் ஊற்றுவார். வேண்டாம் என்றவருக்கு மறுநாள் வேலை இருக்காது.

மில்லைக் கூட்டும் தெய்வாத்தாளுக்குச் சர்க்கரை வியாதி. காலில் புண் ஆறவில்லை, விரலே போய்விடும் என்று டாக்டர் திட்டியிருந்தார். பதினெட்டு வருஷமாக முதலாளி மனசு நோகக் கூடாதென்று வழித்து வழித்துச் சாப்பிட்டவள், இன்று இலையை இரண்டு கையாலும் மூடினாள்.

"என் பாயசத்தை வேண்டாங்கிறயா?"

"அந்த வார்த்தைதானுங்க வாயில வரமாட்டேங்குது. உங்களுக்கு ஊத்தறனுங்க, எப்படிச் சொல்றீங்கன்னு பார்த்துக் கத்துக்கறேன்."

"நானா? செத்தாலும் சொல்ல மாட்டேன், ஊத்து!" என்று வாளியை அவளிடம் கொடுத்துவிட்டு, மீசையைத் தடவிக்கொண்டு ஒரு காலி இலைமுன் உட்கார்ந்தார்.

முதல் மூன்று கரண்டிக்குச் சிரித்தார். நான்காவதுக்கு ஏப்பம் விட்டார். ஆறாவதுக்கு இடுப்பு பெல்ட்டைத் தளர்த்தினார். ஏழாவது கரண்டி மேலே வந்ததும் மோதிரக் கைகள் இரண்டையும் இலைமேல் பொத்திக்கொண்டு அலறினார்.

"ஐயோ, வேண்டாம்!"

"இத்தனை லேசான வார்த்தைங்களா! எனக்கும் வேண்டாமுங்க. அப்ப, நாளைக்கு யாருக்குங்க வேலை இல்லை, உங்களுக்கா எனக்கா?"

பந்தியே குலுங்கிச் சிரித்தது. "எனக்கும் வேண்டாமுங்க" என்று வரிசையாகக் கைகள் இலைகளை மூடின. பாயசத்தில் தோய்ந்த மோதிரங்களைப் பார்த்தபடி முதலாளியும் சிரித்துத் தொலைத்தார்.

தெய்வாத்தாள் வாளியை ஓரமாக வைத்தாள். விளக்குமாற்றை எடுத்து, சிந்திய பருக்கைகளைக் கூட்டத் தொடங்கினாள்.