பொட்டு வைத்த மிதிபெட்டி

பெரம்பூரில் ஒரு மாடி அறையை ஒரு காலத்தில் ஃபஸ் பெட்டி ஒன்று ஆண்டுகொண்டிருந்தது. கிட்டாரின் தெளிந்த ஒலியை வாங்கி, கரகரவென்று முறுக்கேற்றி வெளியே விடுவது அதன் தொழில். கனத்த இரும்பு உடம்பு, நெஞ்சில் காலால் மிதிக்க ஒரு பித்தான், வயது ஐம்பதுக்கு மேல். அதன் கர்வத்துக்கு அந்த அறை போதவில்லை.

கர்வப்படக் காரணமும் இருந்தது. அறைக்குச் சொந்தக்காரி வாகினிக்குப் பழைய ராக் இசைத்தட்டு ஒன்றில் வரும் கிட்டார் ஒலி மீது பைத்தியம். அதே ஒலியை மேடையில் எழுப்பிக் காட்ட வேண்டும் என்று, அந்தக் காலத்துப் பெட்டியையே தேடி அலைந்து கொண்டுவந்தாள். வந்த அன்றே சந்தனம் தடவி, பித்தானை ஒட்டிக் குங்குமப் பொட்டும் வைத்தாள்.

அங்கேதான் வந்தது வினை. பொட்டு வைத்த பொருளைக் காலால் மிதிப்பதா? வாத்தியத்தின் மேல் கால் தெரியாமல் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வீட்டில் வளர்ந்தவள் அவள். பெட்டியைத் தூக்கி ஆம்ப்ளிஃபயரின் தலைமேல் உட்கார வைத்துவிட்டாள். பாட்டு தொடங்குவதற்கு முன் பித்தானைக் கையால் அழுத்திக்கொள்வாள்.

கிட்டாரை 'வா வா' என்று கூப்பிட வைக்கும், பக்கத்துக் கடையில் புதிதாக வாங்கிய வாவா பெட்டிக்கு அந்த யோகம் இல்லை. அது தரையில் கிடந்து நாள் முழுக்க மிதிபட்டது.

"மேலே காற்று எப்படி அண்ணே?" என்று அது கேட்கும்.

"சிம்மாசனத்தில் உட்கார்ந்தவனுக்குத்தான் அது தெரியும். செருப்படி வாங்குகிற உனக்குச் சொல்லி என்ன புரியப்போகிறது?" என்று ஃபஸ் பெட்டி பதில் சொல்லும்.

எல்லாம் சரி. அந்த ஒலி மட்டும் வரவில்லை. முதல் பாட்டில் லேசாக எட்டிப் பார்க்கும். ஆம்ப்ளிஃபயர் சூடேற ஏற, ஊறிப்போன அப்பளம்போல நமத்துப்போகும். பெட்டியின் வயிற்றில் இருந்த பழைய ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்களுக்குச் சூடு ஆகாது. வால்வு ஆம்ப்ளிஃபயருக்கோ சூடுதான் உயிர். அதிலும் அது சித்திரை மாதம்.

"என் சூடு உனக்கு ஒத்துக்கொள்ளவில்லையோ? கீழே இறங்கிக்கொள்ளேன்" என்றது ஆம்ப்ளிஃபயர், நல்ல மனசோடு.

"சூடா? நான் குளிர்காய்கிறேன்" என்றது பெட்டி. வெந்து செத்தாலும் இறங்குவதாக இல்லை.

கச்சேரிக்கு முதல் நாள், டிரம்ஸ் வாசிக்கும் டெரன்ஸ் ஒரு டிஜிட்டல் பெட்டியோடு வந்தான். உடம்பெல்லாம் குட்டிக் குட்டி விளக்குகள்.

"வாகினி, இதுக்குள்ள எல்லா சவுண்டும் இருக்கு. ஒரு தட்டு தட்டுனா போதும்."

"நான் கேக்குற சவுண்டு இருக்கா?"

"கிட்டத்தட்ட இருக்கு."

"கிட்டத்தட்ட எனக்கு வேணாம் டெரன்ஸ்."

"அப்போ நாளைக்கு ஒருநாள் பார்ப்போம். மேடையிலயும் உன் சாமி சொதப்பிச்சுன்னா, ஷோகேஸ்ல வச்சுக் கும்பிடு. அதுக்கப்புறம் வாசிக்க எடுத்துட்டு வராத. சரியா?"

வாகினி ஆம்ப்ளிஃபயரின் மேலிருந்த பெட்டியை ஒருமுறை பார்த்தாள். பிறகு, "சரி" என்றாள்.

அவர்கள் போனபின் டிஜிட்டல் பெட்டி மரியாதையாகச் சொன்னது: "கவலை வேண்டாம் ஐயா. கண்ணாடிக்குள் தூசு படாது. யாரும் தொடக்கூட மாட்டார்கள்."

ஃபஸ் பெட்டிக்குச் சுரீரென்றது. தன்னை உயரத்தில் தூக்கி வைக்கத் தூக்கி வைக்க, தன் வாய் அடைத்துக்கொண்டே போவது அப்போதுதான் அதற்கு உறைத்தது. இனி மிச்சம் இருப்பது கண்ணாடி அலமாரி ஒன்றுதான்.

மறுநாள் மாலை மண்டபம் நிறைந்திருந்தது. முதல் பாட்டு பாதியில் இருக்கும்போது பெட்டி கிசுகிசுத்தது.

"ஆம்ப்ளிஃபயரே, கொஞ்சம் பலமாக அதிருவாயா? நான் இறங்க வேண்டும்."

"கீழே காலடியல்லவா இருக்கிறது!"

"தெரியும். என்னைச் செய்தவன் இந்தப் பித்தானைக் காலுக்காகத்தான் வைத்தான். நான்தான் அதை மறந்து திரிந்தேன்."

ஆம்ப்ளிஃபயர் அடிவயிற்றிலிருந்து உறுமியது. பெட்டி இத்தனை நாளும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்த பிடியை விட்டது. நழுவி, சரிந்து, வாகினியின் காலடியில் தொப்பென்று விழுந்தது. இரும்பு உடம்பு என்பதால் ஒன்றும் ஆகவில்லை. ஒயரும் கழலவில்லை.

"வாங்க அண்ணே" என்றது வாவா. கேலி செய்யவில்லை.

தரை ஜில்லென்றிருந்தது. பக்கத்தில் பெரிய மின்விசிறி ஓடியது. பாட்டுக்குப் பின் பாட்டாக ஓடியதில், பெட்டியை எடுத்து மறுபடி மேலே வைக்க வாகினிக்கு நேரமில்லை. அடுத்தடுத்த பாட்டுகளுக்குள் பெட்டியின் உடம்பிலிருந்த சூடெல்லாம் இறங்கிவிட்டது.

கடைசியாக அந்தப் பழைய பாட்டு. டெரன்ஸ் உற்சாகத்தில் மூச்சுவிடக்கூட இடைவெளி தராமல் தாளத்தைத் தொடங்கிவிட்டான். வாகினியின் இரண்டு கையும் கிட்டாரில். குனிந்து பித்தானை அழுத்த வழியில்லை. அந்த ஒலி வரவேண்டிய இடம் நெருங்கிக்கொண்டே வந்தது.

அவள் செருப்பை உதறினாள். "மன்னிச்சுக்கோ சாமி" என்று முணுமுணுத்து, வெறுங்காலால் பொட்டின் மேலேயே ஓங்கி மிதித்தாள்.

பெட்டி வாய் திறந்தது.

ஐம்பது வருஷத்துக் கரகரப்பும் தேனும் கலந்து, மண்டபத்துச் சுவர்கள் அதிர, அந்த ஒலி வந்தது. கிட்டத்தட்ட இல்லை, அதேதான். கூட்டம் எழுந்து நின்றது. டெரன்ஸ் வாசிப்பை நிறுத்தாமலே, "அதான் வாகினி! அதேதான்!" என்று கத்தினான். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். காலடியில் கிடந்த பெட்டிக்கு வந்த பெருமை, சிம்மாசனத்தில் இருந்த நாளில் ஒருநாளும் வந்ததில்லை.

கூட்டம் கலைந்ததும் வாகினி பெட்டியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஆம்ப்ளிஃபயரின் உச்சியைப் பார்த்தாள். பிறகு பெட்டியை மறுபடி தரையிலேயே, வாவாவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அடடா, உங்கள் பொட்டு அழிந்துபோயிற்றே ஐயா!" என்று வருத்தப்பட்டது, டெரன்ஸ் எதற்கும் இருக்கட்டும் என்று மேடைக்குக் கொண்டுவந்திருந்த டிஜிட்டல் பெட்டி.

"யார் சொன்னது?" என்றது ஃபஸ் பெட்டி. "அவள் உள்ளங்காலைப் போய்ப் பார்."