இருபத்து நான்கு டிகிரி

“அம்மா, வண்டியை வித்துடட்டுங்களா, வேண்டாங்களா?”

கேட்டவர் கிருபாகரன். வயது ஐம்பத்து மூன்று. குன்னூரில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மேலாளர்.

கேட்கப்பட்டவர் மீனலோசனி அம்மா. வயது நாற்பத்தொன்று. பர்லியாருக்குச் சற்று மேலே, மலைச்சாலையை ஒட்டிய பாக்குத் தோப்பில், ஓட்டு வீடு ஒன்றில் தனியாக இருந்தார். போதனை என்று எதுவும் செய்வதில்லை. வருகிறவர்கள் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போவார்கள். தெளிந்து போனவர்களும் உண்டு, குழம்பிப் போனவர்களும் உண்டு.

சன்னியாசியிடம் கேட்கிற கேள்வியா இது என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் மோட்சத்தைப் பற்றிக் கேட்க வருகிறவர்களில் பாதிப்பேர் சும்மா கேட்டு வைக்கிறார்கள். இந்த மனிதர் அப்படிக் கேட்கவில்லை.

அம்மா வாசலுக்கு வந்து வண்டியைப் பார்த்தார். சிவப்பு நிறம். குட்டை உடம்பு. இரண்டே இருக்கை. மேலே கறுப்புத் துணி.

“இது என்ன வண்டிங்க?”

“ரோட்ஸ்டர்ங்கம்மா. மேல இருக்கிற டாப்பைப் பின்னால மடிச்சு விட்டுட்டா, காத்தோட காத்தா ஓட்டலாம்.”

“ஓட்டினீங்களா?”

“தனியா ஓட்டியிருக்கேனுங்க.”

அந்தத் தனியா என்ற சொல்லோடு அவர் நிறுத்திக்கொண்டார்.  இரண்டு பேரும் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். கேட்காமலே மீதி வந்தது.

கிருபாகரனின் மனைவி சுகந்தி மேட்டுப்பாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியை. மூச்சிரைப்பு உண்டு. கல்யாணமான புதிதில் குன்னூரில்தான் இருந்தார்கள். ஒரு மார்கழியில் மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. இனி இந்தக் குளிரில் குடியிருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சுகந்தி கீழே போனார். கிருபாகரனுக்கு மேலே வேலை. ஆக, இரண்டு வீடு, இரண்டு அடுப்பு. மேலே ஸ்வெட்டர், கீழே மின்விசிறி. சனிக்கிழமை மாலை இறங்கி, திங்கள் காலை ஏறுவார். பதினான்கு வருஷமாக இப்படி.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஊரைவிட்டுப் போன ஓர் எஸ்டேட்காரரிடமிருந்து இந்த வண்டியை வாங்கினார். ஒரே ஓர் ஆசைதான். டாப்பைத் திறந்து விட்டு, பக்கத்தில் சுகந்தியை உட்கார வைத்து, மலைச்சாலையில் ஒரு முறை ஓட்ட வேண்டும்.

“ஓட்டலை?”

“வானிலை அமையலைங்கம்மா.”

மேலே பனிக்காற்று, சுகந்திக்கு ஆகாது. கீழே வெயில், புழுதி, அதுவும் ஆகாது. போதாக்குறைக்கு வண்டிக்கென்று தனிச் சட்டங்கள். துணி ஈரமாக இருந்தால் மடிக்கக் கூடாது, பூஞ்சணம் பிடிக்கும். குளிரில் மடிக்கக் கூடாது, பின்பக்கக் கண்ணாடித்தாள் விறைத்துப்போய் வெடித்துவிடும். கொளுத்தும் வெயிலில் திறந்து போடக் கூடாது, இருக்கைத் தோல் பாளம் பாளமாக வெடித்துவிடும்.

இவற்றைச் சொல்லும்போது கிருபாகரன் முகத்தில் ஒரு களை வந்தது. வண்டிப் பைத்தியங்களுக்கு வண்டியின் வியாதிகளைச் சொல்வதில் ஒரு சுகம் இருக்கிறது.

வெளியே போய், வண்டி இருக்கையிலிருந்து தடித்த நோட்டு ஒன்றை எடுத்து வந்தார். ஐந்து வருஷமாக ஒவ்வொரு வளைவிலும் வண்டியை ஓரங்கட்டி, வெப்பமானியைப் பிடித்து, எழுதி வைத்தது. தேதி, மணி, டிகிரி, மூடுபனி உண்டா இல்லையா, லாரிப் புகை எவ்வளவு, எல்லாம் இருந்தது.

பார்த்துப் பார்த்து அவர் கண்டுபிடித்தது இதுதான். பிப்ரவரி இரண்டாம் வாரம், காலை ஒன்பது மணியிலிருந்து ஒன்பதே முக்கால் வரை, ஆறாவது வளைவுக்கும் ஒன்பதாவது வளைவுக்கும் நடுவில், இருபத்து நான்கு டிகிரி. குளிரும் இல்லை, சூடும் இல்லை.

“அந்த நேரத்துல அந்த இடத்துக்குக் கூட்டிட்டுப் போனா சுகந்திக்கு ஒண்ணும் ஆகாதுங்க.”

“போகலை.”

“ஒவ்வொரு பிப்ரவரியும் ஏதாவது ஒண்ணு வந்துடுதுங்க.”

ஒரு வருஷம் திடீர் மழை. ஒரு வருஷம் சுகந்திக்குச் செய்முறைத் தேர்வு மேற்பார்வை. ஒரு வருஷம் எல்லாம் கூடி வந்து, வெப்பமானி மட்டும் இருபத்திரண்டு காட்டியது. முன்னால் போய்ப் பார்த்தவர் சுகந்தியை அழைக்காமலே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

இப்போது சுகந்தி வண்டியைக் கொடுத்துவிடச் சொல்கிறார். போன சனிக்கிழமை, சோறு போட்டுக்கொண்டே, குரல் உயராமல் சொன்னார். வாரக் கடைசியில் அதை நம் வீட்டுக் கொட்டகையில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என்னவோ மாதிரி இருக்கிறது, கொடுத்துவிடுங்கள் என்றார். கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்து வண்டியை எடுத்துப்போவதாகப் பேச்சு.

அம்மா நோட்டைக் கையில் வாங்கினார். முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். கடைசிப் பக்கம் வரை அவசரமில்லாமல் புரட்டினார்.

“இதுல அவங்க எங்க இருக்காங்க?”

“யாருங்கம்மா?”

“உங்க வீட்டுக்காரம்மா.”

கிருபாகரன் நோட்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

“இது வானிலை நோட்டுங்கம்மா.”

“வித்துடச் சொல்றதுக்கு முன்னால அவங்க என்ன சொன்னாங்க?”

 வண்டி வாங்கின முதல் வருஷம் சுகந்தியே மூன்று முறை கேட்டார். இன்றைக்கு நன்றாகத்தானே இருக்கிறது, ஒரு சுற்றுப் போய்விட்டு வரலாமா என்று. மூன்று முறையும் இவர் நோட்டைத் திறந்து பார்த்து, ஏழாவது வளைவில் மூடுபனி இருக்கும், இன்றைக்கு வேண்டாம் என்றார். நான்காவது முறை சுகந்தி கேட்கவில்லை.

“பயம்ங்கம்மா. அன்னைக்கு ஆஸ்பத்திரியில அவ மூச்சுக்குத் தவிச்சதைப் பார்த்தவன் நான். அதுக்கப்புறம் குளிர்னாலே அந்த ஆஸ்பத்திரிதான் கண்ணு முன்னால வருது.”

அம்மா நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

“நல்ல வானிலையா இருக்கிற அன்னைக்கு வாங்க. பதில் சொல்றேன்.”

அன்று திங்கட்கிழமை. ஐப்பசி மாதம். ஐப்பசியில் குன்னூர்ச் சாலையில் நல்ல வானிலை கேட்பதற்கு ஒரு தைரியம் வேண்டும்.

செவ்வாய்க்கிழமை தூறல். புதன்கிழமை எதிரே வருகிற பஸ் தெரியாத மூடுபனி. கிருபாகரன் தொழிற்சாலை ஜன்னலருகே நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தேயிலை ருசி பார்க்கிற நேரத்தில் ஒரே கோப்பையை இரண்டு முறை உறிஞ்சினார் என்று அங்கே வேலை செய்கிறவர்கள் பேசிக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை மதியம் கொட்டோ கொட்டென்று கொட்டியது. அவர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அம்மா கதவைத் திறந்தார்.

“இன்னைக்கு மழைங்களே.”

“பொறுக்க முடியலைங்கம்மா.”

“ஓ” என்றார் அம்மா. உள்ளே போய் விளக்கை அணைத்தார். கதவைச் சாத்திப் பூட்டினார். “மேட்டுப்பாளையம் வரைக்கும் எனக்கு ஒரு வேலை இருக்கு, கூட்டிட்டுப் போங்க.”

கிருபாகரன் ஓடிப்போய் அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்தார். அம்மா ஏறவில்லை. மழையில் நின்றார்.

“ஏறுங்கம்மா, நனையறீங்க.”

“டாப்பைத் திறங்க.”

ஈரத்துணியை மடிக்கக் கூடாது என்று கிருபாகரன் எடுத்துச் சொன்னார். குளிரில் பின்கண்ணாடித்தாள் வெடித்துவிடும் என்றும் சொன்னார். அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மழை அவர் தலையிலிருந்து மூக்கு நுனிக்கு வந்து சொட்டிக்கொண்டிருந்தது. நகரவில்லை.

கிருபாகரன் கொக்கிகளை விடுவித்து டாப்பை மடித்தார். பின்னால் ‘டப்’பென்று ஒரு சத்தம் கேட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அம்மா ஏறி உட்கார்ந்தார். இருக்கையில் நோட்டு கிடந்தது. அந்த இருக்கையில் எப்போதும் நோட்டுதான் கிடக்கும். அம்மா அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். எழுந்திருங்கள் என்று ஒரு சாமியாரம்மாவிடம் எப்படிச் சொல்வது? கிருபாகரன் வண்டியை எடுத்தார்.

மழை நேராக மடியில் விழுந்தது. பர்லியார் பழக்கடைகளில் ஒதுங்கி நின்றவர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். எதிரே வந்த உருளைக்கிழங்கு லாரிக்காரர் வேகத்தைக் குறைத்து, கூரையை எங்கே அண்ணா விட்டுட்டு வந்தீங்க என்று கேட்டுவிட்டுப் போனார். அம்மா சிரித்தார். பெரிய சிரிப்பு, வளைவு தாண்டியும் நிற்கவில்லை. கிருபாகரனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஐந்து வருஷத்தில் அந்த வண்டிக்குள் யாரும் அப்படிச் சிரித்ததில்லை.

கீழே இறங்க இறங்க மழை தூறலாகி, தூறல் நின்று, கல்லாறு தாண்டுவதற்குள் வெயில் அடித்தது. நனைந்த சட்டையின் மேல் வெதுவெதுப்பான காற்று வீசியது. எத்தனை டிகிரி என்று பார்க்க அவர் கை வெப்பமானியைத் தேடிப் போனது. பாதி வழியில் திரும்பிவிட்டது.

திடீரென்று அவருக்கு அழுகை வந்தது.

“சுகந்தி பார்த்திருக்கணும்மா இதை” என்றார். 



மேட்டுப்பாளையம் பஸ் நிலையத்தில் நிறுத்தச் சொல்லி அம்மா இறங்கினார். முந்தானையைப் பிழிந்துகொண்டார். பர்லியார் போகிற பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அம்மா அதை நோக்கி நடந்தார்.

“உங்களுக்கு இங்க ஏதோ வேலைன்னீங்களே?”

“ஆயிடுச்சு.”

“நான் கேட்டதுக்குப் பதில் சொல்லலைங்களே அம்மா.”

அம்மா திரும்பினார். அவரைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்தார்.

“சீட்டெல்லாம் ஈரமாக் கிடக்கு. துடைச்சு வைங்க” என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

நான்கரை மணிக்குக் கிருபாகரன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். சுகந்தி அப்போதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருந்தார். சத்தம் கேட்டு வெளியே வந்தவர், சொட்டச் சொட்ட நிற்கிற புருஷனையும், டாப் இல்லாமல் நிற்கிற வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இன்னைக்கு வியாழக்கிழமைங்களே.”

“ஆமா.”

“யாருக்காவது உடம்பு சரியில்லைங்களா?”

“இல்ல.” கிருபாகரன் அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்தார். “மேல மழை பெய்யுது. குளிரா இருக்கும். எத்தனை டிகிரின்னு எனக்குத் தெரியல. கொஞ்ச தூரம் போயிட்டு வரலாம். வர்றியா?”

சுகந்தி உள்ளே போய்விட்டார்.

கிருபாகரன் வாசலிலேயே நின்றார். நேரங்கெட்ட நேரத்தில் கேட்டுவிட்டோம் என்று நினைத்தார். ஐந்து வருஷம் கழித்துக் கேட்டால் யார்தான் வருவார்கள் என்றும் நினைத்தார். கொக்கியை மாட்டி டாப்பை மூடிவிடலாம் என்று கை வைத்தார்.

சுகந்தி வெளியே வந்தார். தோளில் ஒரு துணிப்பை. உள்ளறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிற பைதான். விடைத்தாள் பை என்றே கிருபாகரன் இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து ஈர இருக்கையில் விரித்தார். அடுத்து ஒரு கம்பளிக் குல்லா வந்தது, அந்துருண்டை வாசனையோடு. ஒரு மஃப்ளர், விலைச்சீட்டு கூடக் கிழிக்காதது. ஒரு கறுப்புக் கண்ணாடி. கடைசியில் மூச்சுக்கு அடித்துக்கொள்கிற மருந்துக் குப்பி.

“இதெல்லாம் எப்ப வாங்கினே?”

“நீங்க வண்டி வாங்கின வாரம்.”

சுகந்தி ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். மஃப்ளரைக் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினார். மருந்துக் குப்பியை வெளிச்சத்தில் பிடித்து, அடியில் இருந்த தேதியைப் படித்தார்.

“இதுக்கு மட்டும் தேதி முடிஞ்சு போயிடும். மாத்தி மாத்தி வெப்பேன். இது நாலாவதுங்க.”