மடிவாய்ச்சி

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், கடலில் இன்றைக்கு இருப்பதைவிட ரெண்டு கைப்பிடி உப்புக் குறைவாக இருந்த நாளில், ஆம்பல்நாடு என்று ஒரு நாடு இருந்தது. நாடு சின்னது, ஏரி பெரியது. ஏரியை நம்பி நாற்பது குடிசைகள். அதில் ஒன்று பூவாயியுடையது.

வலை வீசுவதில் பூவாயியை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அது அவளுக்கும் நன்றாகத் தெரியும். அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு: வலையை வீசுமுன் வேண்டிய மீனின் பேரை மூன்று தரம் கூப்பிட வேண்டும். "கெளுத்தி, கெளுத்தி, கெளுத்தி!" என்றால் கெளுத்தி வரும். "கெண்டை, கெண்டை, கெண்டை!" என்றால் கெண்டை வரும். பேர் சொல்லாமல் வீசினால் பாசிதான் வரும். சிரிக்காதீர்கள், அந்த ஊர் வலை அப்படி.

நாட்டை ஆண்டவர் செங்கோடவர்மர். இரக்கம் ஜாஸ்தி, யோசனை கம்மி. ஒருநாள் அவரிடம் பளிங்கன் என்ற மந்திரவாதி வந்தான். கையில் ஒரு கண்ணாடிக் குடுவை. அதற்குள் விரல் நீளத்தில் ஒரு மீன். மஞ்சள் பூசிய மாதிரி உடம்பு, அதில் நீலப் புள்ளிகள், புடைத்த நெற்றி.

"ஏழு கடலுக்கு அப்பால் ஓர் ஏரியில் பிடித்தது. இதன் பேர் தங்கராணி. தினமும் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள், வளரும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ராஜா கூப்பிட்டார். வளர்ந்தது. குடுவையில் துணைக்குப் போட்ட மீன்களைத் தின்றது. அண்டாவில் விட்டார்கள், அண்டா மீன்களைத் தின்றது. அரண்மனைத் தொட்டியில் விட்டார்கள், தொட்டி மீன்களையும் தின்றுவிட்டு வாயைத் திறந்து பேசியது.

"பசி, பசி, இன்னும் பசி!"

சமையல்காரர் அரிவாள்மணையோடு வந்து நின்றார். ராஜா பதறிப்போனார். "ஐயோ, ஆசையா வளர்த்த உயிரைக் கொல்றதாவது! பாவம்யா! ஏரியில விட்டா புண்ணியம்!"

அந்த நாட்டில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். மேளதாளத்தோடு, மஞ்சள் குங்குமம் தெளித்து, ராஜா தன் கையாலேயே மீனை ஏரியில் விட்டார். கரையில் நின்று குலவையிட்டவர்களில் பூவாயியும் ஒருத்தி.

ஆறே மாதம். அயிரை போச்சு, கெண்டை போச்சு, கெளுத்தி போச்சு. முட்டையைக்கூட விட்டுவைக்காமல் தங்கராணி தின்று தீர்த்துப் படகு அளவுக்கு வளர்ந்து நின்றது. நாற்பது குடிசையிலும் அடுப்பு எரியவில்லை.

அப்போதுதான் பளிங்கன் மறுபடி வந்தான். இடுப்பில் ஒரு சுரைக்குடுக்கை தொங்கியது.

"மீனை நான் கொண்டுபோகிறேன். கூலியாக இந்த ஏரியைக் கொடு. மொத்தத் தண்ணீரையும் இந்தக் குடுக்கைக்குள் உறிஞ்சிக்கொள்வேன்."

ராஜா மூன்று நாள் தவணை கேட்டார். அதற்குள் யாராவது மீனைப் பிடித்தால் ஏரி ஊருக்கு, இல்லையென்றால் பளிங்கனுக்கு.

"நான் பிடிக்கிறேன் மகராசா" என்று முன்னால் வந்தாள் பூவாயி. "குலவை போட்டு உள்ள விட்டவ நானும்தானே?"

முதல் நாள் படகில் போய், "தங்கராணி, தங்கராணி, தங்கராணி!" என்று கூப்பிட்டு வலையை வீசினாள். தண்ணீர் கொதிக்கிற மாதிரி குமுறியது. "பசி, பசி, இன்னும் பசி!" என்று எழும்பிய மீன் வலையைத் தின்றது, துடுப்பைத் தின்றது, படகில் பாதியைத் தின்றது. பூவாயி நீந்திக் கரை சேர்ந்தாள்.

அடுத்த வீட்டுக் காத்தாயி அழுதாள். "விட்டுரு அக்கா. எந்த ஊரு மீனோ, எந்த ஊரு மந்திரமோ! நம்மால ஆகுமா?"

"ஆகும்டி. கூப்பிடக் கூப்பிட அதுக்குப் பசி ஏறுது, பாத்தியா? இது பேரா, இல்ல சாபமா? அதுக்கு வேற பேரு இருக்கணும்."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

"நம்ம ஊருல மீனுக்குப் பேரு எப்படி வைப்போம்? அது என்ன செய்யுதுன்னு பாத்துத்தானே!"

இரண்டாம் நாள் பூவாயி வலையே எடுக்கவில்லை. கோரைப்புல்லுக்குள் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். மத்தியானம் ஒரு நாரை தலைக்கு மேலே பறந்தது. அதன் நிழல் விழுந்ததும், அரிசி அரிசியாக, அதே மஞ்சள் உடம்போடு நூறு குஞ்சுகள் எங்கிருந்தோ ஓடிவந்தன. பெரிய மீன் வாயைத் திறந்தது. பூவாயி கோரையை விலக்கி எட்டிப் பார்த்தாள். பெற்ற பிள்ளைகளையே தின்னப்போகிறதே!

குஞ்சுகள் உள்ளே போயின. வாய் மூடியது. ஆனால் மீன் விழுங்கவில்லை. அத்தனை பசியிலும் ஒரு குஞ்சைக்கூட விழுங்கவில்லை. நாரை போய் வெகுநேரம் ஆன பிறகு மெல்ல வாயைத் திறந்து, ஒவ்வொன்றாக வெளியே விட்டது. பூவாயிக்கு அழுகை வந்துவிட்டது. அவளும் நாலு பிள்ளைகளைப் பட்டினியில் படுக்கவைத்துவிட்டு வந்தவள்தானே.

மூன்றாம் நாள் ஊரே கரையில் திரண்டது. பளிங்கன் குடுக்கையின் மூடியைத் திறந்துவிட்டான். காத்தாயியின் பழைய வலையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு பூவாயி தண்ணீரில் இறங்கினாள். ஏரி முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிட்டாள்.

"மடிவாய்ச்சி!"

தண்ணீர் அடங்கியது.

"வாயை மடியாக்கிப் புள்ள வளக்குறவளே, மடிவாய்ச்சி!"

மீன் தலையைத் தூக்கிப் பார்த்தது.

"வா தாயி, மடிவாய்ச்சி!"

பூவாயி வலையை விரித்துப் பிடித்தாள். மீன் வந்தது. தானாகவே வலைக்குள் வந்து, பூவாயியின் இடுப்பருகே முகத்தை வைத்துக்கொண்டது. படகு அளவு இருந்த உடம்பு சுருங்கிச் சுருங்கி ஒரு கைக்குழந்தை அளவாயிற்று.

"எங்க ஏரியிலயும் என்னை இப்படித்தான் கூப்பிடுவாங்க, எங்க பாஷையில" என்றது. "இவன் என் பேரைத் திருடிட்டு, வெறும் பேரை மாட்டிவிட்டான். அதுக்கு எத்தனை தின்னாலும் நிறையாது."

பளிங்கனுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "தங்கராணி! தங்கராணி! தங்கராணி!" என்று கத்தினான்.

யாரும் வரவில்லை. ஆளில்லாத பேர் எங்கே போகும்? கூப்பிட்டவன் மேலேயே ஏறிக்கொண்டது. பளிங்கன் வயிற்றைப் பிடித்தான். "பசி, பசி, இன்னும் பசி!" என்று அலறி முதலில் குடுக்கையைக் கடித்தான், அப்புறம் மந்திரக்கோலைக் கடித்தான், அப்புறம் தன் தாடியையே மென்றுகொண்டு வடக்கே ஓடினான். ஊர் கைகொட்டிச் சிரித்தது.

ராஜா ஏரியை நாற்பது குடிசைக்கும் சாசனம் எழுதிக் கொடுத்தார். மடிவாய்ச்சியைச் சொந்த ஏரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கக் கப்பலும் ஏற்பாடு செய்தார். பூவாயி மட்டும் சிரிக்கவில்லை. ஏரி கிடைத்தது, ஏரியில் மீன் எங்கே?

தேடினாள், தேடினாள், கடைசியில் கோரை வேருக்கடியில் உழக்களவு கெண்டைக் குஞ்சுகளும் கெளுத்திக் குஞ்சுகளும் ஒளிந்திருந்தன. சுற்றிலும் நாரைகளும் கொக்குகளும் காத்து நின்றன.

மடிவாய்ச்சி அதைப் பார்த்தது. "என் புள்ளைங்களைப் பானையில வச்சுக்க" என்றது. அவை பானைக்குப் போனதும் வாயைத் திறந்தது. ஊரார் கத்தினார்கள். "வேணாம் பூவாயி! தின்னுரும்!"

"தின்னாது" என்றாள் பூவாயி. குஞ்சுகளை எண்ணி எண்ணி இரண்டு கையாலும் அள்ளி, அந்த வாய்க்குள் விட்டாள்.

மழை வரப் பதினெட்டு நாள் ஆயிற்று. பதினெட்டு நாளும் நிழல் விழும்போதெல்லாம் அந்த வாய் மூடியது. பதினெட்டு நாளும் மடிவாய்ச்சி எதையும் தின்னவில்லை. மழை கொட்டி, ஏரி நிறைந்து, கோரை அடர்ந்த அன்றைக்கு வாயை முழுசாகத் திறந்து எல்லாக் குஞ்சுகளையும் வெளியே விட்டது. ஊரார் மறுபடி எண்ணினார்கள். ஒன்றுகூடக் குறையவில்லை.

அப்புறம்தான் அது கப்பல் ஏறியது. அதன் வாய்க்குள் அதன் பிள்ளைகள், ஏரிக்குள் ஊரின் பிள்ளைகள். குஞ்சுகள் வளர்ந்ததும் கரையில் நாற்பது அடுப்பும் எரிந்தன. கதை கேட்ட உங்கள் வீட்டிலும் எரியட்டும்.