ஊற்றுக்கு நடந்த ஜமீன்தார்

ரங்கப்ப நாயக்கர் என்று ஒரு ஜமீன்தார் இருந்தார். பல்லக்கை விட்டு இறங்கமாட்டார். வயிறு கல்லாய்க் கிடந்தது. மலை ஊற்றில் குமிழியிட்டுப் பொங்கும் தாது உப்பு நீர் மலச்சிக்கலைத் தீர்க்கும் என்று வைத்தியர் சொன்னதும் சமையற்காரி பேச்சியைக் கூப்பிட்டார்.

"ஊத்துல பொங்குற மாதிரியே குமிழி அடங்காம கொண்டா. அடங்கிருச்சுன்னா உனக்கு இங்க வேலை இல்லை."

"தண்ணி வந்துரும் சாமி. குமிழிதான் இருந்த இடத்தை விட்டு இறங்காது. அதுவும் ஜமீன் பரம்பரை போல!"

நாயக்கருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல்லக்கு ஏறாத மலைப்பாதையில் தினமும் தானே ஊற்றுவரை மூச்சு வாங்க நடந்துபோய்க் குடித்தார். சில நாளில் வயிறு இளகியது. நல்ல பசியும் எடுத்தது.

"தண்ணியோட மகிமையைப் பாத்தியா?"

"பாதிதான் தண்ணி, சாமி. மீதி உங்க காலு."

மறுநாள் காலை பேச்சி தன் வீட்டுக் கதவைத் திறந்தபோது நாயக்கர் தோளில் ஊற்றுத் தண்ணீர்க் குடத்தோடு வியர்த்து நின்றார்.

"உன் வயித்துக்கும் நல்லது, குடி" என்றார்.