நாற்காலியில் இருந்த சாட்சி

செங்காட்டுக்குளத்து மதகை உத்தரவில்லாமல் திறந்து வயல்களை மூழ்கடித்தான் என்று மதகு பார்க்கும் லஸ்கர் மாசாணத்தைச் சஸ்பெண்டு செய்துவிட்டார்கள். போனில் "திற" என்று சொன்னவர் பொறியாளர் தாமோதரன். விசாரணை அதிகாரியாக வந்து உட்கார்ந்தவரும் அவரேதான்!

ஆறு மாதம் வாய்தா வாய்தாவாக இழுத்தார். மாசாணம் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் ஐப்பசி மழை கொட்டியது. மதகு பழகாத புது ஆள் திகைத்து நிற்க, குளம் உடைந்து கீழத்தெருவையே வாரிக்கொண்டு போனது.

அடுத்த வாய்தாவில் தாமோதரன் உறுமினார். "உன் பக்கம் சாட்சி யாரும் உண்டா?"

"ஒருத்தர் உண்டுய்யா. பேரு தாமோதரன். முறைப்படி கூப்பிடச் சொல்லுங்க."

எந்தத் தாமோதரனோ என்று அதிகாரி தலையசைத்தார். டவாலி வாசலில் நின்று மூன்று தரம் கூவினார். யாரும் வரவில்லை. மாசாணம் நாற்காலியைப் பார்த்துக் கும்பிட்டான். "போன்ல மதகைத் தொறக்கச் சொன்னது நீங்கதானய்யா?"

குமாஸ்தா அப்பாவியாகப் பேனாவைத் தூக்கினார். "சாட்சி வந்தார்னு எழுதவா, வரலைன்னு எழுதவா ஐயா?"

வந்தார் என்றால் நாற்காலியை விடவேண்டும். வரவில்லை என்றால் அந்தப் பொய்யில் தானே கையெழுத்துப் போடவேண்டும். தாமோதரன் எழுந்து போனார்.

புதிதாக வந்த அதிகாரி ஒரே நாளில் மாசாணத்தை விடுவித்தார். "இதை முதல் நாளே கேட்டிருக்கலாமேப்பா?"

மாசாணம் திரும்பக் கிடைத்த மதகுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான்.

"அவரா எந்திரிச்சிருவாருன்னு இருந்துட்டேன்யா. நான் மருவாதி பாத்தேன். தண்ணி அதப் பாக்கலையே."