தார்ப்பாய்க்குள் இருந்த பம்பர்

விருதுநகரில் எண்ணெய் ஆலை வைத்திருந்த ரத்தினசாமியிடம் சூசை டிரைவராக இருந்தார். ஒருநாள் ஆலை வாசல் தூணில் கார் இடித்துவிட்டது. முன்பக்க பம்பரில் தேங்காய் அளவுக்குக் குழி விழுந்து, ஒரு ஓரம் கழன்று தொங்கியது.

முதலாளியும் சூசையும் காரை ஷோரூமுக்குக் கொண்டுபோனார்கள். மேனேஜர் நின்ற இடத்திலிருந்தே எட்டிப் பார்த்துவிட்டு, "பம்பர், விளக்கு, உள்ளே இருக்கிற இரும்புச் சட்டம், எல்லாம் போச்சு. மாத்தப் பத்து நாளாகும்" என்றார்.

"குழி மட்டும்தானே சார், வீட்டிலேயே எடுத்துடலாமே" என்றார் சூசை.

மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். முதலாளிக்கு அவமானமாகிவிட்டது. "அப்போ நாளைக்குக் காலையில சரிபண்ணிக் கொண்டா. இல்லேன்னா வேலைக்கே வராதே!"

வீட்டில் சூசையின் மனைவி லூர்து கொதிக்கிற வெந்நீரை பம்பர்மேல் ஊற்றினாள். பிளாஸ்டிக் இளகியதும் சூசை கையில் துணியைச் சுற்றிக்கொண்டு உள்பக்கமிருந்து தள்ளினார். 'டப்'பென்று குழி வெளியே வந்தது. இருவரும் திடுக்கிட்டுப்போனார்கள். உள்ளே சட்டம் வளையவே இல்லை. தொங்கிய ஓரத்தைப் புது கிளிப் போட்டு மாட்டினார்.

மறுநாள் ஷோரூம் வாசலில் காரை நிறுத்தி, முன்பக்கத்தைத் தார்ப்பாயால் மூடினார். முதலாளி வந்ததும், "சார், உடைசலை ஐயாவுக்கு இன்னொருதரம் விளக்கிச் சொல்லுங்க" என்று மேனேஜரிடம் பணிவாகக் கேட்டார்.

மேனேஜர் தார்ப்பாயைத் தொடக்கூட இல்லை. "விளக்கு விரிசல் விட்டிருக்கு. சட்டம் வளைஞ்சிருக்கு. நேத்தைவிட இன்னிக்கு மோசம்."

சூசை தார்ப்பாயை இழுத்தார். பம்பர் வழவழவென்று இருந்தது. சுவிட்சைப் போட்டார்; விளக்கு ஒரு விரிசலும் இல்லாமல் பளிச்சென்று எரிந்தது.

"இது வேற வண்டி!" என்று அலறினார் மேனேஜர்.

"நம்பரைப் படிய்யா, என் வண்டிதான்!" முதலாளி நம்பர் பலகையைத் தட்டிக் காட்டினார்.

உள்ளே தங்கள் வண்டிகளைப் பழுதுபார்க்க விட்டுவிட்டுக் காத்திருந்த மூன்று பேர் எழுந்து மேனேஜரிடம் வந்தார்கள்.

"சார், எங்க வண்டியையும் கொஞ்சம் குனிஞ்சு பாத்துச் சொல்லுங்க."